எம்டன் பிள்ளையின் வயசு

தண்டையார்பேட்டை
10-10-1932

என் அக்கா சொக்கம்மாளுக்கு, உன் தம்பி வேம்பு எழுதுவது.

உன் கடிதம் வந்தது. அம்மாவின் இருமல் போன மாசத்துக்குத் தேவலை. அரிசி குடோனில் தூசிக்கு நடுவே உட்கார்ந்து புடைக்காதே என்றால் கேட்கிறாளா? நைனா போனபிறகு வீட்டுக்குத் தானே ஆம்பிளை என்கிற மாதிரி நடக்கிறாள். இனிமேல் போகவேண்டாம் என்று அதட்டிச் சொல்ல எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஏன் என்று கேள்.

உன் தம்பி இப்போது லைசென்ஸ் வாங்கிய மோட்டார் டிரைவர். சிரிக்காதே. ராயபுரம் பக்ருதீன் சாயபுவின் லாரியில் மூட்டை ஏற்றப் போனவன்தான் நான். எண்ணூரில் உப்பு காய்கிற வெட்டவெளியில் பழைய டிரைவர் பொழுதுபோகாமல் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். இப்போது அவருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. "நீயே ஓட்டுடா, ஆனா லைசென்ஸ் இல்லாம என் வண்டிய ரோட்டுல எறக்காத" என்று சாயபு சொல்லிவிட்டார்.

லைசென்ஸுக்குப் பதினெட்டு வயசு நிறைந்திருக்க வேண்டுமாம். சட்டம். எனக்குப் பதினாறு முடிந்து சில மாசம்தான் ஆகிறது என்று உனக்குத் தெரியும். நான் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது நம்ம பொன்னுரங்கம் மாமாதான் வழி சொன்னார். "உங்க அண்ணன் இருந்தா இந்தப் புரட்டாசியோட பதினெட்டு முடிஞ்சிருக்கும். அவன் பேரச் சொல்லு, அவன் வயசச் சொல்லு. நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றார்.

அப்படியே செய்தோம். எழும்பூர் போலீஸ் ஆபீஸில் வண்டியைப் பின்னால் ஓட்டிக் காட்டினேன், கையை நீட்டி சிக்னல் காட்டினேன், எல்லாம் சரி. வயசுதான் சார்ஜண்ட் துரைக்கு இடித்தது. என் மீசையையே பார்த்தார். மாமா முன்னால் வந்து நின்றார்.

"எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டுச்சே, அன்னிக்கு ராத்திரி பொறந்தவன் சார். எண்ணெ டாங்கி எரியிது, ஊரே காலி பண்ணிகினு ஓடுது. என் தங்கச்சி காலடிப்பேட்டகிட்ட மாட்டு வண்டியிலயே பெத்துக்கினா. நான்தான் வண்டி ஓட்னேன். பேரு ஜெயவேலு."

துரைக்கு எம்டன் என்றதும் முகம் இளகிவிட்டது. அன்றைக்கு அவரும் சின்னப்பிள்ளையாகப் பெரம்பூரில் கட்டிலுக்கடியில் கிடந்தாராம். கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா, மாமா கண் இமைக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பொய் சொல்லுகிற மனுஷன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் லைசென்ஸ் வந்ததைச் சொன்னேன், பேரைச் சொல்லவில்லை. நீயும் எழுதாதே. கோதண்டம் மாமாவுக்கு என் வணக்கம் சொல். உன் வயிற்றுப்பிள்ளையை என் லாரியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவேன்.

உன் தம்பி
வேம்பு


சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்
17-10-1932

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்ததைக் கருகவிட்டேன். உன் கோதண்டம் மாமா சுரங்கத்துக்குள் ஷிப்டில் இருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதி முடிக்கவேண்டும், அவருக்கு இதெல்லாம் தெரியாது.

டிரைவர் ஆனதற்குச் சந்தோஷம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்காவுக்குப் பொறாமை என்பாய். ஆனால் அந்தப் பேர் உனக்கு வேண்டாம். யாரிடம் எப்படிச் சொல்வாயோ எனக்குத் தெரியாது, அந்தப் பேரைத் திருப்பிக் கொடுத்துவிடு. வேறு பேரில் லைசென்ஸ் தரமாட்டார்கள் என்றால் வேலையை விடு. மூட்டை தூக்கு. நான் அனுப்புகிறேன்.

பொன்னுரங்கம் மாமா இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு எல்லாம் விளையாட்டு.

எம்டன் ராத்திரி எனக்கு ஆறு வயசு. வண்டியில் அம்மா தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வானம் சிவப்பாக இருந்தது. பிள்ளை பிறந்து அழுததும் மாமா வண்டியை நிறுத்தி, "ஆம்பிளப் புள்ள, ராஜாவாட்டம் கீறான்" என்றார். நைனா ஜெயவேல் என்று பெரிய பேராக வைத்தார். எனக்கும் அவனுக்கும் நடுவே ரெண்டு பிள்ளைகள் போயிருந்தன, அதனால் அம்மாவுக்கு அந்தப் பேரே பயம். அடுத்த பிள்ளைக்கு அவளே பேர் வைத்தாள். கசக்கிற பேராக இருந்தால் எமன் வாயில் போட்டாலும் துப்பிவிடுவான் என்று வேம்பு என்று வைத்தாள். பிறகு அந்த விஷக்காய்ச்சல் வந்தது. ராயபுரத்தில் நம் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. நம் வீட்டிலும் ஒரு பிள்ளை போயிற்று. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

அம்மா காதில் அந்தப் பேர் விழக்கூடாது. விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் மட்டும் உன் பக்கத்தில் இருந்தால் உன் காதைத் திருகியிருப்பேன்.

சொக்கம்மாள்


தண்டையார்பேட்டை
6-11-1932

அக்காவுக்கு,

நீ பயந்தது நடந்துவிட்டது. உனக்குச் சந்தோஷம்தானே.

போன வாரம் விளக்கு வைக்கிற நேரம். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மூட்டை ஏற்றுகிற ரஷீது சாவி வாங்க வந்தவன் தெருவிலிருந்து ஒரு குரல் கொடுத்தான். "ஜெயவேலு!" லாரி ஷெட்டில் எல்லோருக்கும் நான் ஜெயவேல்தானே. நானும் "தோ வர்றேன்" என்றுவிட்டேன்.

அம்மா கையிலிருந்த விளக்கு கீழே விழுந்தது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல, போ" என்று கத்தினாள். ரஷீது பாவம், வெளியே விழித்துக்கொண்டு நின்றான். என் பக்கம் திரும்பி, "ஒரு தரம் கூப்ட்டதுக்கே பதில் சொன்னியே, ஏண்டா சொன்ன?" என்று என் வாயில் அடித்தாள். பொழுது சாய்ந்தபிறகு யார் கூப்பிட்டாலும் மூணு தரம் கூப்பிட்ட பின்தான் பதில் சொல்லவேண்டும், எமன் ஒரு தரம்தான் கூப்பிடுவான் என்று நம்மைச் சின்ன வயசிலிருந்து மிரட்டுவாளே, அதுதான்.

அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறாள். நான் ஓட்டப் போகும்போது தெருமுனைவரைக்கும் வந்து, "வேம்பு, வேம்பு" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கூப்பிட்டு அனுப்புகிறாள். பக்கத்து வீட்டு செல்லக்கனி அக்கா, "உங்கம்மாவுக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு ஐப்பசிப் படையல் போட்டாள். வருஷாவருஷம் போடுவதுதான். பொரி உருண்டை, சின்னச் சட்டை, ஒரு டம்ளர் பால். அழமாட்டாள், பேர் சொல்லமாட்டாள், எனக்கு உருண்டை தரமாட்டாள். சின்னப் பையனாக இருந்தபோது அந்த உருண்டைக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? செத்தவனுக்கு உருண்டை, உயிரோடு இருக்கிறவனுக்குக் கசக்கிற பேர். நான் அவனுக்கு ஈடாக மிஞ்சினவன், அவ்வளவுதான். அவன் வயசை நான் எடுத்துக்கொண்டதுதானே அவளுக்கு ஆறவில்லை?

இந்தத் தரம் அவள் வெளியே போனபோது அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். அண்ணன் சாகும்போது நாலு வயசு என்பீர்கள். அந்தச் சட்டை ரெண்டு, ரெண்டரை வயசுப் பிள்ளைக்குத்தான் பத்தும். நாலு வயசுப் பிள்ளைக்குத் தலைகூட நுழையாது.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. எண்ணூரிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வரும்போது ரஷீது மூட்டைமேல் படுத்துக்கொள்வான். என் இடப்பக்கம் சீட்டு காலி, அதற்கப்பால் கடல். லைசென்ஸ் வாங்கியதிலிருந்து அந்தச் சீட்டில் ஏதோ இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் இல்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினால் ஓரக்கண்ணில் இருக்கிறது. சின்ன உருவம், கால் கீழே எட்டவில்லை, ஆட்டிக்கொண்டே வருகிறது. திருவொற்றியூர் கோயில் தாண்டினதும் போய்விடுகிறது. ஒன்றும் செய்வதில்லை. சும்மா வருகிறது. அண்ணன் தன் பேரைக் கேட்டு வருகிறான் என்று நினைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

வேம்பு


சாம்பியன் ரீஃப்
13-11-1932

தம்பிக்கு,

அந்தச் சட்டையை மறுபடி தொடாதே. எடுத்த இடத்திலேயே வைத்தாயா?

நேற்று பூமிக்குள் பாறை வெடித்தது. இங்கே அது அடிக்கடி நடக்கும். சட்டி பானை ஆடும், பெண்கள் எல்லோரும் வாசலில் வந்து நிற்போம். யார் வீட்டு ஆள் என்று தெரிகிறவரைக்கும் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். உன் மாமா நல்லபடியாக மேலே வந்தார். அப்படி நிற்கும்போது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. அவள் பதினாலு வருஷமாக அப்படியே நிற்கிறாள். அவளைத் திட்டாதே.

உன்னைப் பிடிக்காமல் உனக்கு உருண்டை தராமல் இருந்தாள் என்று நினைக்கிறாயே, உனக்கு என்ன சொல்வது? உன்னைப் பிடித்த அளவுக்கு அவளுக்கு உலகத்தில் எதுவும் பிடிக்காது. பிடித்ததால்தான் இவ்வளவும்.

நீ கேட்காத கேள்விக்குக்கூட என்னால் பதில் எழுத முடியாது. மூலகொத்தளம் மயானத்தில் கற்பூரம் கொளுத்தி அதன்மேல் என் கையைப் பிடித்துவைத்து சத்தியம் வாங்கியிருக்கிறாள். எனக்குப் பத்து வயசு. வாய் திறந்தால் இருக்கிற தம்பியும் போய்விடுவான், உன் வயிறும் விளங்காது என்று சொன்னாள். இப்போது எனக்கு ஏழு மாசம். முதல் பிள்ளை தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்தச் சீட்டில் வருவதைப் பார்த்துப் பயப்படாதே. அது உன்னை ஒன்றும் செய்யாது. எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதே. இருமுகிறதா? அதைமட்டும் எழுது.

சொக்கம்மாள்


தண்டையார்பேட்டை
5-12-1932

அக்காவுக்கு,

இருமுகிறது. நீ கேட்டபிறகுதான் கவனித்தேன். என்ஜின் சத்தம் என்று நினைத்திருந்தேன். இதெல்லாம் இப்போது இருக்கட்டும், அதைவிடப் பெரிய பேஜாராகிவிட்டது.

சாயபுவிடம் சுப்புராஜ் என்று ஒருத்தன் டிரைவர் வேலை கேட்டு வந்துகொண்டிருந்தான். எனக்குக் கிடைத்ததில் அவனுக்குப் பொறுக்கவில்லை. நம் தெருவில் விசாரித்திருக்கிறான். என் பேர் வேம்பு, எம்டன் பிள்ளை செத்துப்போய் வருஷக்கணக்காகிறது, இவன் வயசு குறைந்தவன் என்று ஆபீஸுக்கு மனு போட்டுவிட்டான். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் தேதி அம்மா நேரில் வந்து, இவன் யார், எப்போது பிறந்தான் என்று சொல்லவேண்டுமாம். பொய் என்று ஆனால் என்மேலும் சாட்சி சொன்ன மாமாமேலும் கேஸ். மாமாவுக்கு இந்த வயசில் ஜெயில் என்றால் துறைமுகத்து வேலையும் போகும்.

அம்மாவிடம் சொன்னேன். பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கெஞ்சினேன். "உன் வாயால ஒரே ஒரு தரம் இவன்தான் ஜெயவேலுன்னு சொல்லும்மா. அப்புறம் அந்தப் பேரே வேணாம். மாமாவ நெனச்சிப் பாரு" என்றேன். "என் வாயால சொல்லி என் புள்ளய அவன் கையில குடுக்கச் சொல்றியா?" என்றாள். யார் கையில் என்று கேட்டேன். போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

சரி, நானே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குப் பதினாறுதான், மாமாவை ஏமாற்றிக் கூட்டிவந்தேன், அவர்மேல் குற்றமில்லை என்று சொன்னால் அவரையாவது விடுவார்கள். என்னைத்தான் உள்ளே போடுவார்கள், போடட்டும். இதை மாமாவிடம் சொன்னேன்.

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நான் பொய் சொல்லலடா" என்றார்.

"இன்னா மாமா சொல்ற?"

"நான் அந்த ஆபீஸ்ல ஒரு பொய்யும் சொல்லல. மீதிய உங்கக்காகிட்ட கேளு. நான் சொன்னா என் தங்கச்சி என் மூஞ்சில முழிக்கமாட்டா."

அக்கா, மாமா பொய் சொல்லவில்லை என்றால் நான் யார்? சட்டை, படையல், அம்மா கதவைச் சாத்தியது எல்லாம் மண்டைக்குள் சுற்றுகிறது. நானாக ஒன்று நினைத்துப் பார்த்தேன், நினைக்கவே குளிர்கிறது. உன்னைச் சத்தியத்தை மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன் வயிற்றில் பிள்ளை இருக்கிறது. ஆனால் பத்தொன்பதாம் தேதி நான் யார் என்று ஒரு துரை கேட்பார். என்ன பதில் சொல்ல?

தம்பி


சாம்பியன் ரீஃப்
11-12-1932

என் தம்பி ஜெயவேலுக்கு,

எழுதிவிட்டேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வயிற்றில் நன்றாகத்தான் உதைக்கிறது.

நீதான் எம்டன் பிள்ளை. காலடிப்பேட்டையில் மாட்டு வண்டியில் பிறந்தவன் நீ. உனக்குப் பதினெட்டு முடிந்து மூணு மாசம் ஆகப்போகிறது. உன் லைசென்ஸில் இருப்பது உன் பேர், உன் வயசு.

அந்தக் காய்ச்சலில் ரெண்டு பேருமே ஒரே பாயில் கிடந்தீர்கள். உனக்கு நாலு, அவனுக்கு ரெண்டரை. அதற்கு முன்னால் குறி சொல்கிற ஒருத்தி வந்து, மூத்த ஆம்பிளைப் பிள்ளை தங்காது, அவனுக்குத்தான் ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மா ராவெல்லாம் உன்னையே பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவனை நான் பார்த்துக்கொண்டேன். விடியற்காலை பார்த்தால் அவன் போயிருந்தான். கசக்கிற பேர் வைத்தும் எமன் துப்பவில்லை.

மூலகொத்தளத்தில் அவனைக் குழியில் வைத்தபோது அம்மா என்ன செய்தாள் தெரியுமா? "ஜெயவேலு, என் ராசா, போயிட்டியா" என்று ஊர் கேட்க ஒப்பாரி வைத்தாள். நைனாவும் மாமாவும் திகைத்துப்போனார்கள். எமன் வந்தது ஜெயவேலுக்கு. ஜெயவேல்தான் போய்விட்டான் என்று கேட்டால் தன் கணக்கு முடிந்தது என்று எமன் திரும்பிவிடுவான் என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு வந்து உன் காதில் "வேம்பு" என்று கூப்பிட்டாள். நீ விழிக்கவே இல்லை, அவ்வளவு காய்ச்சல். எழுந்தபோது நீ வேம்பு. பேர் மாறியது மட்டும் போதாது, வயசும் மாறவேண்டும் என்றாள். அந்த மாசமே ராயபுரத்தை விட்டு நம்மை யாருக்கும் தெரியாத தண்டையார்பேட்டைக்குக் குடிவந்தோம். காய்ச்சலில் இளைத்துக் கிடந்தாய், உன்னை ரெண்டரை வயசு என்றால் எல்லோரும் நம்பினார்கள். கொஞ்ச நாளில் நீயே நம்பிவிட்டாய்.

ஒன்று யோசித்துப் பார். அவனுக்காக அவளால் அழமுடியவில்லை. அவன் பேர் சொல்லி அழுதால் குட்டு உடைந்துவிடும். உன் பேரைச் சொல்லி அழவும் பயம், ஒரு தரம் அழுததே போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் படையலில் பேரில்லை, கண்ணீரில்லை. அந்த உருண்டை அவனுக்குப் பிடித்தது. வாய் முழுக்க அடைத்துக்கொண்டு இருமுவான். அந்தச் சட்டை அவனுடையது. உன் சீட்டில் வருகிறவன் உன் அண்ணன் இல்லை. உன் தம்பி. பேர் கேட்டு வருகிறான் என்று எழுதியிருந்தாய். அது மட்டும் உண்மையாக இருக்கலாம்.

மாமா ஏன் இதை இழுத்துவிட்டார் என்று இப்போது புரிகிறது. உன் வயசை உனக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு சாக்கு கிடைத்தது என்று நினைத்திருப்பார்.

இனி உன் பாடு. ஆபீஸில் உண்மையைச் சொன்னால் உன் வேலையும் மாமாவும் தப்பும். ஆனால் அம்மா அதை எப்படித் தாங்குவாளோ தெரியாது. அவளைப் பொறுத்தவரைக்கும் அன்றைக்கு உன்னை எமனுக்குக் காட்டிக்கொடுக்கிற நாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறப்பது ஆண் என்றால் வேம்பு என்று வைக்கலாமா என்று இருக்கிறேன். அந்தப் பேருக்கு ஒரு ஆள் வேண்டாமா?

உன் அக்கா
சொக்கம்மாள்


தண்டையார்பேட்டை
21-12-1932

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை எண்ணூர் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து படித்தேன். அழுதேனா என்று கேட்காதே. என் பேரைச் சொல்லிப் பார்த்தேன். ரெண்டு மாசத்துக்கு மேலாக ஷெட்டில் எல்லோரும் கூப்பிட்ட பேர்தான், என் வாயில் வரவில்லை.

அம்மாவிடம் நீ எழுதியதைச் சொல்லவில்லை. "நீ வரவேணாம்மா. நான் வேம்புதான். லைசென்ச நீங்களே வெச்சிக்குங்க, செய்யறத செய்ங்கன்னு சொல்லிடறேன். மாமாவுக்கு ஒண்ணும் வராம பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் பயந்துகொண்டே உயிரை விடுவதைவிட நான் மூட்டை தூக்கிப் பிழைக்கலாம் என்று தோன்றிவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி நானும் மாமாவும் மட்டும் போனோம். வராந்தாவில் பெஞ்சில் இருபது பேர்போல உட்கார்ந்திருந்தார்கள், சுப்புராஜும் இருந்தான். கொஞ்ச நேரத்தில் படி ஏறி அம்மா வந்தாள். டிராமில் தனியாகவே வந்திருக்கிறாள். நெற்றி நிறைய விபூதி. சார்ஜண்ட் துரை வெளியே வந்து, "இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் உன் பிள்ளை யார்? பேர் சொல்லிக் கூப்பிடு" என்றார். யாரும் ஜாடை காட்டக்கூடாதென்று மாமாவைத் திரும்பி நிற்கச் சொன்னார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயவேலு" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. சுப்புராஜ் பல்லைக் காட்டினான். துரை புருவத்தைத் தூக்கினார். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவளும் என்னையே பார்த்தாள்.

"ஜெயவேலு" என்றாள் மறுபடி. இப்போது குரல் கொஞ்சம் உறுதியாக இருந்தது. பதில் என் வாய்வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

மூணாவது தரம் அந்த வராந்தாவே அதிரக் கூப்பிட்டாள். "டேய், ஜெயவேலு!"

"இன்னாம்மா" என்று எழுந்து நின்றேன்.

துரை என்னைச் செவிடு என்று நினைத்திருப்பார். அம்மா அவரைப் பார்த்து, "எம்டன் ராத்திரி பொறந்தவன். பதினெட்டு முடிஞ்சிடிச்சி. காய்ச்சல்ல போனது சின்னவன்" என்றாள். பிறகு சுப்புராஜ் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். தெருவில் ஏன் வேம்பு என்று கூப்பிடுகிறார்கள் என்றதற்கு, "அது என் பயத்துக்கு நான் வெச்ச பேரு" என்றாள். ராயபுரத்தில் அந்தக் காலத்து மருத்துவச்சி ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள், அவளையும் மாமா கொண்டுவந்து நிறுத்தினார். சாயங்காலம் லைசென்ஸ் கையில் வந்துவிட்டது. சுப்புராஜ் பாவம், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்தாள். கதவைச் சாத்தவில்லை. தெருவுக்கே தெரிகிறமாதிரி நடுவீட்டில் விரித்து, மார்பிலடித்துக்கொண்டு, "வேம்பு, என் கண்ணு வேம்பு" என்று கூப்பிட்டாள். பதினாலு வருஷப் பழக்கம், "இன்னாம்மா" என்று ஓடிவந்துவிட்டேன்.

"உன்ன இல்லடா" என்றாள்.

அக்கா, அதைக் கேட்டதும்தான் நான் உட்கார்ந்து அழுதேன். அவள் பொழுது சாய்கிறவரைக்கும் அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். செல்லக்கனி அக்கா வந்து பிடித்துக்கொண்டாள். ஒரு சின்னப் பிள்ளை நேற்றுத்தான் போன வீடு மாதிரி இருந்தது. ராத்திரி எனக்கு ஒரு பொரி உருண்டை எடுத்துக் கையில் வைத்தாள். என்னால் தின்ன முடியவில்லை.

மறுநாள் அதைக் கொண்டுபோய் இடப்பக்கம் சீட்டில் வைத்தேன். எண்ணூரிலிருந்து வரும்வரைக்கும் ஓரக்கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, இருமலும் கேட்கவில்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன், ரஷீதுகூட வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். பயம் போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவன், திருவொற்றியூர் கோயில் தாண்டினதும் வெறுமையாக உட்கார்ந்திருந்தேன். ஷெட்டில் வந்து பார்த்தால் உருண்டை இல்லை. ரஷீது எடுக்கவில்லை என்று அல்லாமேல் ஆணையாகச் சொல்கிறான். அவன்தான் எடுத்திருப்பான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அம்மா வெள்ளிக்கிழமை ரயிலேறி உன்னிடம் வருகிறாள். "சத்தியம் வாங்கினவ நானே அவுத்து உட்டுட்டேன், அவ வயித்துக்கு ஒண்ணும் வராதுன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். ஆனாலும் வாசலில் வேப்பிலையை இன்னும் எடுக்கவில்லை, பொழுது சாய்ந்தால் என்னை வெளியே விடுவதுமில்லை. அது போகாது.

நீ கேட்டதற்குப் பதில். உன் பிள்ளைக்கு அந்தப் பேர் வேண்டாம். வேறு என்ன பேர் வேண்டுமானாலும் வை. அவன் உயிரோடு இருந்தது ரெண்டரை வருஷம், அவனிடம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதையும் நான் பதினாலு வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தேன். இனிமேலாவது அது அவனிடமே இருக்கட்டும்.

உன் தம்பி
ஜெயவேல்